உங்களுக்குத் தெரியுமா? சப்பாத்து, சவேட், முட்டைப் பந்து

காலில் போடுகிற ‘சப்பாத்து’ தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கேயர் நம் கரையில் இறங்கியபோது அவர்களின் காலோடு வந்த சொல் அது. பலருக்கு இது தெரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்குப் பிரான்சில் ஓர் உறவுக்காரி இருப்பது தெரியுமா? பழைய சப்பாத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘சவாத்’ என்பார்கள். ஸ்பானியரின் ‘சப்பாத்தோ’, இத்தாலியரின் ‘சியபாத்தா’, வன்னியில் ஆச்சி சொல்லும் ‘சப்பாத்து’ எல்லாம் ஒரே குடும்பம் என்றுதான் சொல்லாராய்ச்சிக்காரர் கருதுகிறார்கள்.

அந்தப் பழஞ் சப்பாத்தின் பெயரில் பிரான்சில் ஒரு சண்டைக் கலை வளர்ந்தது. நம் பத்திரிகைகள் அதை ‘சவேட்’ என்று எழுதுகின்றன. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூரில் நடந்த சர்வதேச சவேட் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் முல்லைத்தீவு மாவட்டம் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி. மாங்குளம் பக்கமிருந்து ஒட்டுசுட்டான் போகிற வழியில் காடும் வயலும் கலந்து கிடக்கிற ஊர் அது. அங்கிருந்து போன ஒரு பிள்ளை, பிரெஞ்சு நாட்டுக் கலையில் தங்கம் வென்றாள்.

✦

சவேட்டில் வெறுங்காலுக்கு இடமில்லை. கராத்தே, தாய்லாந்துக் குத்துச்சண்டை எல்லாம் வெறுங்காலோடு ஆடுபவை. சவேட்டில் சப்பாத்துப் போட்டே ஆகவேண்டும். உதை பாதத்தால் மட்டுமே விழவேண்டும். முழங்காலாலும் கணுக்காலுக்கு மேலுள்ள காலாலும் அடித்தால் பிழை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தெருச் சண்டையாக இருந்ததை மிஷெல் கசோ என்பவர் ஒழுங்குபடுத்தினார். சார்ல் லெகூர் அதில் ஆங்கிலேயரின் கைக்குத்தைச் சேர்த்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகவும் இடம்பிடித்தது.

கராத்தேக்குப் பட்டி, சவேட்டுக்குக் கையுறை. நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை, மஞ்சள், வெள்ளி என்று கையுறையின் நிறம்தான் ஆடுபவரின் தரத்தைச் சொல்லும்.

✦

நம் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் லாச்சப்பல். பெரியப்பா கடை வைத்திருக்கிற தெரு, தேர் இழுக்கிற தெரு. அந்தப் பாரிஸின் தெற்கே மார்க்குசி என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரான்சின் தேசிய றக்பி அணிகள் தங்கிப் பயிற்சி எடுப்பது அங்கேதான். 2014 பெண்கள் உலகக் கிண்ணப் போட்டிகளில் பெரும்பாலானவை நடந்ததும் அந்த ஊரில்தான். புறநகரில் இருக்கிற நம் உறவினர் பலருக்குக் காரில் கிட்டத்தான். ஒருமுறை போய்ப் பார்த்தீர்களா என்று அடுத்த தொலைபேசி அழைப்பில் கேட்டுப் பாருங்கள்.

✦

இனி முட்டைப் பந்துக் கதை.

றக்பிப் பந்தின் எடை 410 முதல் 460 கிராம். ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். ஏழு பேர் ஆடுகிற வகையும் உண்டு. அது 14 நிமிடத்தில் முடிந்துவிடும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. பந்தோடு முன்னே ஓடலாம், காலால் முன்னே உதைக்கலாம், ஆனால் கையால் முன்னே எறியக் கூடாது. பின்னால் வருகிற தோழிக்குத்தான் கொடுக்கவேண்டும்.

✦

றக்பி ஆடியதாகப் பதிவில் உள்ள முதல் பெண் பிள்ளை எமிலி வலன்டைன். அயர்லாந்துக்காரி, வயது 10. 1887 அளவில், அண்ணன்மார் ஆடிய பாடசாலை ஆட்டத்தில் ஆள் குறைந்தபோது இறங்கி ஓடிக் கோட்டைத் தொட்டாள். பிற்காலத்தில் அவளே எழுதிவைத்த நினைவுக் குறிப்பால்தான் அது உலகத்துக்குத் தெரியவந்தது. எழுதாமல் போன எமிலிகள் எத்தனை பேரோ.

✦

இரணைமடுக் குளத்துக்கு அணை கட்டி முடித்த காலத்தை ஒட்டி, 1920களில், பிரான்சில் பெண்கள் ‘பரெத்’ என்ற ஆட்டத்தை ஆடினார்கள். றக்பியின் முரட்டுத்தனத்தைக் குறைத்து, பக்கத்துக்கு 12 பேராக அமைத்த ஆட்டம் அது. சில ஆண்டுகளில் மங்கிப்போனது. பிறகு நெடுங்காலம் பேச்சே இல்லை. 1960களின் கடைசியில் பல்கலைக்கழகப் பெண்கள் மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார்கள். 1970இல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

1972இல் அரசு குறுக்கே வந்தது. விளையாட்டு நிர்வாகத்தின் உயர் அதிகாரி மார்சோ கிரெஸ்பன் எழுத்தில் அறிவித்தார்: பெண்ணின் உடம்புக்கு றக்பி ஒவ்வாது, இதற்கு யாரும் உதவி செய்ய வேண்டாம். மைதானம் கேட்டால் மறுக்கலாம், பணம் கேட்டால் மறுக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

பெண்கள் விடவில்லை. பிரெஞ்சு றக்பிச் சம்மேளனம் அவர்களை முழுமையாகச் சேர்த்துக்கொண்டது 1989இல். அந்த 17 வருடமும் அவர்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். தாமே பணம் போட்டு, தாமே கோடு கீறி, தாமே பயணச்சீட்டு வாங்கி ஆடினார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் பெரிது. பதக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

✦

பெண்கள் றக்பியில் உலகின் முதல் சர்வதேச ஆட்டம் 1982 ஜூன் 13ஆம் திகதி நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்தது. நெதர்லாந்து 0, பிரான்ஸ் 4. அன்றைக்கு ஒரு ட்ரைக்கு 4 புள்ளி. ஆகவே முழு ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு ட்ரை.

✦

நத்தாலி அமியெல் பிரான்சுக்காக முதலில் ஆடியது 1986இல். வயது 15. நம் ஊரில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயது. 2002 வரை ஆடினார், பிறகு தேசிய அணிக்குப் பயிற்றுநரானார், உலக றக்பியின் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார்.

15 வயதில் தொடங்கி 16 வருடம். வன்னியில் ஒரு பிள்ளை 15 வயதில் மாகாண மட்டத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். 17 வயதில் அவள் எங்கே? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

✦

முதல் பெண்கள் உலகக் கிண்ணம் 1991இல் வேல்ஸில் நடந்தது. நடத்தியது பெரிய அமைப்பு அல்ல. லண்டனின் றிச்மண்ட் கழகத்துப் பெண்கள் நாலு பேர். 12 அணிகள் வந்தன. சோவியத் அணியிடம் செலவுக்குக் காசில்லை. விற்றுச் சமாளிக்கலாம் என்று வொட்காவும் பொம்மைகளும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுங்கக்காரர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஊர்ச்சனம் உதவியது. இறுதியில் அமெரிக்கா 19–6 என்று இங்கிலாந்தை வென்றது.

அந்த 1991 தொடங்கி 2022 வரை பிரான்சுக்கு 7 முறை மூன்றாம் இடம். இறுதி ஆட்டத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

✦

ழெஸி திரெமூலியேரை உங்களுக்குத் தெரியுமா? வன்னி வாசகர்களுக்கு நான் கட்டாயம் அறிமுகப்படுத்த விரும்புகிற பிரெஞ்சுப் பெண் இவர்தான்.

1992இல் பிறந்தவர். பிரான்சின் நடுவே, மலைப்பாங்கான ஓவேர்ன் பகுதியில் மாட்டுப் பண்ணைக் குடும்பம். விவசாயம் படித்தார், குடும்பப் பண்ணையில் வேலை செய்தார், மீதி நேரத்தில் பந்து. மாடு கட்டினவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம் கறந்தே ஆகவேண்டும். மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, பயிற்சி நாளும் இல்லை. அந்த வேலையோடுதான் இவர் 2011இல் தேசிய அணிக்குள் நுழைந்தார். கடைசித் தடுப்பாளராக நின்றார், உதைகளை எடுத்தார், அணியை நடத்துகிற இடத்திலும் ஆடினார்.

2018 அவருடைய ஆண்டு. அந்த வருடம் ஐரோப்பிய அணிகள் ஆடுகிற ‘ஆறு நாடுகள்’ போட்டியில் பிரான்ஸ் எல்லா ஆட்டமும் வென்றது. நவம்பர் 17ஆம் திகதி கிரெனோபில் நகரில் நியூசிலாந்தை 30–27 என்று வென்றது. நியூசிலாந்துப் பெண்களைப் பிரான்ஸ் வென்றது அதுதான் முதல்தடவை. அதே மாதம் உலகின் சிறந்த வீராங்கனை என்ற விருது திரெமூலியேருக்குக் கிடைத்தது. பண்ணை வேலை செய்கிற ஒரு பெண் உலகில் முதலாவது. 15 பேர் ஆட்டத்துப் பிரெஞ்சு வீராங்கனைகளுக்குச் சம்மேளனம் பகுதிநேரச் சம்பள ஒப்பந்தம் கொடுக்கத் தொடங்கியதும் அதே 2018இல்தான்.

அவர் பிரான்ஸ் அணியிலிருந்து விடைபெற்றது 2023 ஏப்ரல் 29. லண்டன் ருவிக்கன்ஹாம் மைதானம், 58,498 பேர். பெண்கள் றக்பிக்கு அன்றுவரை அவ்வளவு சனம் கூடியதில்லை. இடைவேளையில் இங்கிலாந்து 33, பிரான்ஸ் 0. வேறு அணியென்றால் அத்தோடு படுத்திருக்கும். முடிவில் 38–33. தோல்விதான். ஆனால் இரண்டாம் பாதியில் அவர்கள் எடுத்த அந்த 33 புள்ளிகளையும், பின்தங்கி நிற்கிற எந்தப் பாடசாலை அணிக்கும் போட்டுக் காட்டவேண்டும் என்று நினைக்கிறேன்.

✦

ஒரு புள்ளி. 2022 நவம்பர் 5, ஒக்லாந்து ஈடன் பார்க், உலகக் கிண்ண அரையிறுதி. நியூசிலாந்து 25, பிரான்ஸ் 24. முடியச் சில நிமிடங்கள் இருக்கப் பிரான்சுக்கு ஒரு பெனால்டி. உள்ளே போயிருந்தால் 3 புள்ளி, வாழ்நாளில் முதல் இறுதி ஆட்டம். கரோலின் துரூவேன் உதைத்தார். பந்து விலகிப் போனது.

இன்றும் அவருடைய பெயரோடு அந்த உதையைத்தான் சிலர் நினைக்கிறார்கள். 24 புள்ளிவரை அணியைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் அஞ்சலோட்டத்தில் கோல் தவறவிட்ட பிள்ளையைப் பத்து வருடம் கழித்தும் அதைச் சொல்லியே கூப்பிடுகிற பழக்கம் உண்டு. விட்டுவிடவேண்டிய பழக்கம்.

✦

அதே உலகக் கிண்ணத்தில் மூன்று வாரம் முந்தி இன்னொரு கதை. லோர் சான்சுஸ், 2022 ஆறு நாடுகள் போட்டியின் சிறந்த வீராங்கனை. உலகக் கிண்ணத்தோடு ஓய்வு என்று முன்னரே சொல்லியிருந்தார். அக்டோபர் 15இல் இங்கிலாந்தோடு ஆடும்போது முழங்காலின் உட்தசைநார் அறுந்தது. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது.

இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே வரும்: ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, குதித்து முழங்காலை மடக்காமல் இறங்கும்போது. வலைப்பந்தாட்டம் ஆடுகிற நம் பிள்ளைகளுக்கு இது நேரான எச்சரிக்கை. ஆவணியில் காய்ந்து சீமெந்துபோல் இறுகிக்கிடக்கிற நம் மைதானங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, ஒற்றைக் காலில் நின்று பழகுவது, முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கப் பழக்குவது, தொடையின் பின்தசையை வலுப்படுத்துவது ஆகியவை காயத்தைக் கணிசமாகக் குறைக்கும். காசு செலவில்லை. இதை ஒழுங்காகச் செய்விக்கிற பயிற்றுநர் ஒருவர் இருந்தால் போதும்.

✦

2025 செப்டெம்பர் 27. பெண்கள் உலகக் கிண்ண இறுதி, மீண்டும் ருவிக்கன்ஹாம். வந்த சனம் 81,885. இங்கிலாந்து 33–13 என்று கனடாவை வென்றது. அதற்கு முன்னர் அதே மைதானத்தில் நடந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரான்ஸ் 26–42 என்று நியூசிலாந்திடம் தோற்றது.

✦

இலங்கையில் றக்பி எவ்வளவு பழசு தெரியுமா? கொழும்பில் முதல் கழகம் 1879இல். பாடசாலைக்குக் கொண்டுவந்தவர் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ், 1891இல். முதல் பாடசாலை ஆட்டம் 1906இல், கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும். துரைமார் தேயிலைத் தோட்டங்களோடு மலையேறிய ஆட்டம், டிக்கோயா வரை போனது, பதுளைப் பக்கம் போனது. மதவாச்சியைத் தாண்டி வடக்கே வேர் விடவில்லை. அதனால் நம் அப்பாமாருக்கு உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம். அம்மாமாருக்கு வலைப்பந்தாட்டம் என்று ஆயிற்று.

2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஏழு பேர் றக்பியில் இலங்கைப் பெண்கள் அணி ஆடியது. விழுந்த பிரிவு நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து. மூன்றிலும் பெருந்தோல்வி. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூன்று நாடுகளோடும் அடுத்தடுத்து ஆடிய அனுபவம் அந்தப் பிள்ளைகளின் காலில் இருக்கிறது.

அயலில் இந்தியப் பெண்கள் அணியைப் பாருங்கள். 15 பேர் ஆட்டத்துக்கு 2018இல்தான் வந்தார்கள். 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றார்கள், அதுதான் முதல் வெற்றி. வென்று கொடுத்த கடைசி உதை சுமித்ரா நாயக்குடையது. ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்து வந்தவர். மைதானம் இருந்தது, வாத்தியார் இருந்தார், மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது. மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

✦

வன்னிப் பிள்ளைகளுக்கு றக்பி வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: கிளித்தட்டு.

கோட்டில் நிற்பவளின் கையில் படாமல் சுழித்து ஓடுவது, ஒருத்தி இழுத்துக்கொண்டு போக மற்றவள் இடைவெளியில் பாய்வது, கிளி எந்தப் பக்கம் வருகிறது என்று கண்ணால் பார்க்காமலே உணர்வது. றக்பியில் இதைச் சொல்லிக்கொடுக்க வெள்ளைக்காரர் பிளாஸ்டிக் கூம்பு அடுக்கி வைத்து மணிக்கணக்காகப் பழக்குகிறார்கள். நம் பிள்ளைகள் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவுக்குள்ளேயே பழகி வருகிறார்கள். பந்தோடு ஓடுபவளைப் பிடித்து விழுத்துகிற ‘டக்கிள்’ மட்டும்தான் புதிது. அதையும் தோளுக்குக் கீழே பிடிக்கவேண்டும் என்ற விதியோடு, புல்லுள்ள தரையில், வாய்க்காப்புப் போட்டு, தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தால் பழகலாம். புல்லில்லாத கிரவல் தரையில் யாரும் தொடங்கவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

✦

பெண் விளையாட்டு வீராங்கனையின் வாழ்க்கை எவ்வளவு நீளலாம்? வடக்கிலேயே விடை இருக்கிறது.

தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஈவினை ஊர். உயரம் 6 அடி 10 அங்குலம். 2009, 2018, 2022 என்று மூன்று முறை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் இருந்தவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348. அந்தப் போட்டியில் வேறெவரும் அவ்வளவு போடவில்லை. மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் கழகத்துக்கும் ஆடினார். 2019க்குப் பிறகு விலகியிருந்தவரை நாடு மறுபடி அழைத்தது. வந்தார், 2022இல் கிண்ணமும் வந்தது.

கொழும்பில் வலைப்பந்தாட்டக்காரிகள் பாடசாலை முடிந்தபிறகும் ஆடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வங்கிகளும் நிறுவனங்களும் அணி வைத்திருக்கின்றன, வர்த்தக நிறுவனங்களுக்கு இடையில் போட்டி நடக்கிறது, ஆட்டக்காரிக்கு வேலையும் கிடைக்கிறது. வன்னியில் இப்போது ஆடைத்தொழிற்சாலைகள் இருக்கின்றன, வங்கிக் கிளைகள் இருக்கின்றன, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் பாடசாலையில் ஓடினவர்கள், எறிந்தவர்கள். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் சேர்த்து நிறுவனங்களுக்கிடையே ஒரு வலைப்பந்தாட்டப் போட்டி வைக்க எத்தனை ரூபாய் வேண்டும்? இரண்டு கம்பமும் ஒரு பந்தும் வாரத்தில் ஒரு பின்னேரமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

✦

72 வயதில் தங்கம் வென்ற முள்ளியவளை அம்மாவைத் தெரியுமா? அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன். 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம், 5000 மீற்றர் விரைவு நடையில் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம். ‘கலியாணம் கட்டினால் விளையாட்டு முடிந்தது’ என்று யாராவது உங்கள் வீட்டில் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

✦

2023இல் அயர்லாந்துப் பெண்கள் றக்பி அணி வெள்ளைக் காற்சட்டையைக் கைவிட்டுக் கடுநீலத்துக்கு மாறியது. காரணத்தை மறைக்காமல் சொன்னார்கள்: மாதவிடாய் நாளில் கறை தெரியுமோ என்ற பயத்தோடு எங்களால் ஆட முடியாது.

நம் பாடசாலைகளில் இந்தப் பயத்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று ‘வயிற்றுவலி’ என்று வீட்டில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டு உடுப்புத் தைக்கக் கொடுக்கும்போது கீழே கடும் நிறம் போடச் சொல்லுங்கள். அதிபருக்கு அது ஒரு வரி முடிவு. மைதானத்துக்குக் கிட்ட தண்ணீர் வருகிற கழிப்பறை ஒன்றும் திறந்திருக்கவேண்டும். திறப்பு யாரிடமென்று தேடித்திரிகிற நிலை வேண்டாம்.

✦

சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது நம் வழக்கம். தேயிலையிலுள்ள பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். வளர்கிற பெண் பிள்ளைக்கு, அதிலும் ஓடுகிற பிள்ளைக்கு, இரும்பு குறைந்தால் முதலில் மூச்சு வாங்கும், பிறகு ‘இவளுக்கு இயலாது’ என்ற பெயர் வரும். பிளேன்ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கக் கொடுங்கள். முருங்கையிலை வறைக்கு மேல் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அது இரும்பை உள்ளே எடுக்க உதவும். குரக்கன் புட்டும் உழுந்தங்களியும் சாமத்தியப்பட்ட மாதத்துக்கு மட்டும் என்று வைக்காமல், பயிற்சிக் காலம் முழுவதும் கொடுங்கள்.

✦

பாடசாலைப் போட்டிகளின் ஏணி இப்படி: கோட்டம், வலயம், மாகாணம், தேசியம். ஒவ்வொரு படியிலும் பஸ் காசு வேண்டும், ஒரு நேரச் சாப்பாடு வேண்டும், கூடப் போக ஒரு ரீச்சர் வேண்டும். 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய ஊர்களில் தாய் மட்டுமே உழைக்கிற வீடுகள் நிறைய. அங்கே ஒரு பிள்ளை மாகாணம் வரை போனாள் என்றால் அந்தத் தாய் அதற்காக எதையோ விற்றிருக்கிறாள், அல்லது யாரிடமோ கைமாற்று வாங்கியிருக்கிறாள். நான் மைதான ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: 100 மீற்றர் ஓடி முடித்தவள் சப்பாத்தைக் கழற்றி அடுத்த ஓட்டத்துக்கு நின்றவளிடம் கொடுத்தாள். வாங்கியவளுக்கு அது ஒரு அளவு பெரிது. நுனியில் துணி அடைத்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவதாக வந்தாள்.

✦

பிரான்சிலும் கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற உறவுகளுக்கு, இந்தப் பத்தியின் கடைசித் துணுக்கு உங்களுக்கு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவீர்கள், ஆவணியில் பிள்ளைகளின் விடுமுறைக்கு வருவீர்கள். பெட்டியில் சொக்லேற்றுக்கு வைத்திருக்கிற இடத்தில் இரண்டு சோடி ஓட்டச் சப்பாத்து வையுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ப் பாடசாலை விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு அழைப்பு எடுத்து, எந்தப் பிள்ளைக்கு, என்ன அளவு என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் அளவைத் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் 36, 37, 38 என்று சொல்வார்கள்.